பழைய புல்லட்டில் புதுச் சத்தம்: எஞ்சினைப் பிரிக்கும் முன் எதையெல்லாம் பார்ப்பது?

பழைய புல்லட் வாங்கியவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள்: “எஞ்சின்ல ஏதோ சத்தம் வருது, இது இருக்கலாமா, கூடாதா?” ஒருவர், “புல்லட்னா அப்படித்தான், ஓட்டுங்க” என்பார். இன்னொருவர், “எஞ்சினை இறக்கணும், போரிங் போட்டு கிராங்கையும் பார்க்கணும்” என்பார். பெரும்பாலும் இரண்டு பேருமே சத்தத்தைப் பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பயமுறுத்தும் சத்தங்கள் பலவும் ஸ்பேனரோடு முடிந்துவிடக்கூடியவை. அதனால் வரிசை முக்கியம். செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், எஞ்சினைப் பிரிக்க வைக்கும் காரணத்தைக் கடைசியில் பாருங்கள். வெளியில் தொடங்கி உள்ளே போக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின் என்று தெரிய வேண்டும். நான் பேசுவது காஸ்ட் அயர்ன் எஞ்சின் கொண்ட 350 புல்லட்டைப் பற்றி. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்தக் காலத்து வடிவமைப்பே திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்தது. 70 மி.மீ போர், 90 மி.மீ ஸ்ட்ரோக், 346 சி.சி. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. பெரும்பாலான வண்டிகளில் வலது காலில் நான்கு கியர், இடது காலில் பிரேக். சந்தேகம் இருந்தால் சிலிண்டரின் ஃபின்னில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு பேரல், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஒட்டாவிட்டால் பிற்கால அலுமினிய எஞ்சின். அதிலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பாக இருக்கும் யுசிஇ (UCE) மாடல்களில் டேப்பட் (வால்வைத் திறக்க உந்தும் பாகம்) ஹைட்ராலிக், அதில் கையால் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றும் கிடையாது.

எண்ணெயைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்

சத்தம் புதிதாக வந்திருந்தால் முதல் வேலை எண்ணெய். இந்த எஞ்சினில் எண்ணெய் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை எடுத்து, கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டுக்கு அனுப்பும். இன்னொரு பம்ப் கீழே சேர்ந்ததை இழுத்து, மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குக் கொடுத்துவிட்டு டேங்குக்குத் திருப்பும். வண்டி பல நாள் சும்மா நின்றால் டேங்கில் இருப்பது மெல்ல கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் எண்ணெயே இல்லாதது போலத் தோன்றும். உடனே ஒரு லிட்டரை ஊற்றிவிடாதீர்கள். ஸ்டிக்கில் கொஞ்சமாவது எண்ணெய் தெரிந்தால், சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணெய் அடங்கிய பிறகு மறுபடி பாருங்கள். சுத்தமாக வறண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஓட்டுங்கள்.

அளவு சரியாக இருந்தால் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வலப்பக்கம் டைமிங் பகுதியிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு மெல்லிய பைப் ஏறும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, மேலே அந்தப் பைப் ஹெட்டில் சேரும் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கையில் துணி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: இந்தப் பைப் திருப்பும் பம்ப்போடு சேர்ந்தது. கிராங்கில் ஏற்கெனவே தேங்கிய எண்ணெய் இருந்தால், அனுப்பும் பம்ப் வேலை செய்யாவிட்டாலும் கொஞ்ச நேரம் இங்கே எண்ணெய் வரும். அதனால் ஸ்டார்ட் செய்ததும் பார்த்துவிட்டு திருப்திப்படாமல், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் வந்தால் ஓரளவு நிம்மதி. வரவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மற்ற சோதனைகள் எல்லாம் அப்புறம்தான்.

எஞ்சின் சத்தமே அல்லாத சத்தங்கள்

புல்லட் அதிரும் வண்டி. அந்த அதிர்வில் லொடலொடவென்று ஆடும் எதுவும் எஞ்சினுக்குள்ளிருந்து வருவது போலவே கேட்கும். ஹெட்டை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் பிளேட்டின் போல்ட், எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகள், சைலன்சர் கிளாம்ப், டூல் பாக்ஸ் மூடி, லெக் கார்டு, நம்பர் பிளேட், பெட்ரோல் டேங்கின் ரப்பர் என்று எல்லாவற்றையும் எஞ்சின் அணைந்திருக்கும்போதே கையால் ஆட்டிப் பாருங்கள். சைலன்சரை ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால், உள்ளே தகடு கழன்றிருக்கிறதா என்பது கேட்டுவிடும்.

ஸ்பார்க் பிளக்கையும் மறக்காதீர்கள். சரியாக முறுக்கப்படாத பிளக் வழியாக வாயு கசிந்தால் ‘சிக் சிக்’ என்று டேப்பட் போலவே கேட்கும். புகை வெளியேறும் பெண்ட் பைப் ஹெட்டில் நுழையும் இடத்திலும் இதே கதைதான். அங்கே கரிக்கோடு படிந்திருந்தால் கசிவு உறுதி. சந்தேகமாக இருந்தால், ஒரு தடித்த ஈரத் துணியை மடித்து சைலன்சரின் வாயில் ஒரு நொடி மட்டும் அழுத்திப் பிடியுங்கள். கசிவு இருந்தால் ஹெட் பக்கம் அந்த ‘டிக் டிக்’ ஓங்கிக் கேட்கும். டேப்பட் சத்தம் என்றால் மாறாது. கிக் அடிக்கும்போது சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷனும் ஒரு சந்தேக இடம். அதன் கேபிள் இழுத்துக் கட்டியது போல விறைப்பாக இருந்தால் அந்தச் சின்ன வால்வு முழுதாக மூடாது, அதிலிருந்தும் கசியும். கேபிளில் கொஞ்சம் தளர்வு வேண்டும்.

தாளத்தைப் பிடியுங்கள்

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கொடுக்கும் பெரிய வசதி அதன் தாளம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் சைலன்சரிலிருந்து ஒரு ‘டப்’ வரும். இந்த ‘டப்’பைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, உங்களைப் படுத்தும் சத்தம் அதோடு எப்படிச் சேர்கிறது என்று கேளுங்கள்.

ஒரு டப்புக்கு ஒரு சத்தம் என்றால் வால்வு, டேப்பட், வாயுக் கசிவு, அல்லது எரியும் ஸ்ட்ரோக்கில் மட்டும் தட்டும் பிஸ்டன். ஒரு டப்புக்குச் சரியான இடைவெளியில் இரண்டு என்றால் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் எதிலோ மோதுகிறது, அல்லது கிராங்கோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஆடுகிறது. இரண்டு டேப்பட்டும் தளர்ந்திருந்தாலும் டப்புக்கு இரண்டு டிக் வரும், ஆனால் அவை சம இடைவெளியில் இருக்காது. தாளமே இல்லாமல் சலசலவென்று வந்தால் செயின். வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஙொய்’ என்றால் கியர் பல்.

காதால் பிரித்தெடுக்க முடியவில்லையா? கைப்பேசியில் பதிவு செய்து கால் வேகத்தில் ஓடவிடுங்கள். ஐட்லிங்கில் ஒன்றாகக் கலந்து கேட்டது, வேகத்தைக் குறைத்ததும் டப், டிக், டப், டிக் என்று பிரிந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட், சூடான பிறகு ஐட்லிங், லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து விடும்போது என்று மூன்று பதிவுகள் எடுத்து வையுங்கள். பின்னால் மெக்கானிக்கிடம் காட்டவும் இவை உதவும்.

அடுத்து சாவி சோதனை. எஞ்சினை ஐட்லிங்குக்குக் கொஞ்சம் மேலே ஓடவிட்டு, சட்டென்று சாவியை ஆஃப் செய்யுங்கள். எஞ்சின் நிற்பதற்குள் இன்னும் சில சுற்று சுற்றும். அந்தச் சுற்றுகளில் சத்தம் தொடர்ந்தால் அது எரிபொருள் எரியும் அழுத்தத்தைச் சார்ந்ததல்ல: டேப்பட், செயின், ஆல்டர்னேட்டர் பக்கம் தேடலாம். சாவி போன அந்தக் கணமே சத்தமும் நின்றால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, இக்னிஷன் டைமிங் பக்கம் கவனம் போக வேண்டும். இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். செலவே இல்லாத இதை எத்தனையோ பேர் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இடத்தைப் பிடியுங்கள்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியின் முனையைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்துங்கள். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது, அதுவும் பெரிய விலையில்லை. வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பின் சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது. பெண்ட் பைப்பில் கை படக் கூடாது.

மேலே ஹெட்டில் இரண்டு ராக்கர் கவர்கள், வலப்பக்கம் பேரலின் அடியில் டேப்பட் கவர், அதற்கு முன்னால் டைமிங் கவர், பேரலின் நடுப்பகுதி, கிராங்க் கேஸ், இடப்பக்கம் பிரைமரி கவர், பின்னால் கியர்பாக்ஸ் என்று ஒரு சுற்று வாருங்கள். இரும்பு சத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும், அதனால் ஓரிடத்தில் கேட்டதும் முடிவுக்கு வராதீர்கள். எங்கே அதிகமாகக் கேட்கிறது என்று ஒப்பிடுவதுதான் வேலை. புதிதாகப் பழகுபவர்கள், சத்தமில்லாத நல்ல புல்லட் ஒன்றில் இதே சுற்றை ஒரு முறை செய்து பார்ப்பது மிகவும் நல்லது. டைமிங் கவருக்குள் பல் சக்கரங்களின் இரைச்சல் எப்போதும் இருக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

டேப்பட்: நீங்களே செய்யக்கூடியது

‘டிக் டிக்’ ராக்கர் பக்கமோ டேப்பட் கவர் பக்கமோ பலமாகக் கேட்டால், டேப்பட்டைச் சரிபாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் உத்தமம்.

1. சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் போடுங்கள். இப்போது பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் எஞ்சினும் சுற்றும்.

2. வலப்பக்க டேப்பட் கவரைக் கழற்றுங்கள். கேஸ்கெட் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். மரக்கட்டையால் தட்டினாலே விட்டுவிடும். உள்ளே இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும்.

3. பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் நேரம்தான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அப்புறம் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை ஓட்டையில் விட்டு, பிஸ்டன் அதை மேலே தள்ளி நிற்கும் உச்சி வரை மெதுவாகக் கொண்டு வாருங்கள்.

4. இந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஒவ்வொரு புஷ் ராடையும் இரண்டு விரலால் உருட்டுங்கள். சிரமமில்லாமல் உருள வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் இன்லெட்டைவிட ஒரு மயிரிழை தாராளமாக இருக்கலாம்.

5. சரியில்லையென்றால் மெல்லிய டேப்பட் ஸ்பேனர்களால் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மறுபடி லாக் செய்யுங்கள். லாக் நட் இறுகும்போது அளவு கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை உருட்டிப் பார்க்காமல் விடக் கூடாது.

6. சக்கரத்தைச் சுற்றி மறுபடி கம்ப்ரஷன் உச்சிக்கு வந்து, இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு மூடுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இல்லாமல் வைக்கக் காரணம், சூடானதும் சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து தேவையான இடைவெளி தானாக உண்டாகிவிடும் என்பதுதான். அதே காரணத்தால் சூடான எஞ்சினில் சத்தம் போகும்வரை இறுக்கிவிடுவது ஆபத்து. ஆறியதும் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். ஸ்டார்ட்டிங் கெடும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். லேசான டிக் டிக் கேட்கும் டேப்பட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சத்தமே இல்லாமல் இறுகிப்போன டேப்பட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

சரிசெய்த பிறகும் டிக் டிக் அப்படியே இருந்தால், ராக்கர் கவரைத் திறந்து, ராக்கரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். அதைத் தாண்டினால் டேப்பட்டின் அடிமுகம், கேம் ஆகியவற்றின் தேய்மானம். அங்கே போக டைமிங் கவரைத் திறக்க வேண்டும். முதல் தடவை அதைத் தனியாகச் செய்யாதீர்கள். எண்ணெய் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடது திரெட். தெரியாமல் வழக்கம்போலத் திருப்பி உடைத்தவர்கள் உண்டு.

இடப்பக்கம்: ஆளை ஏமாற்றும் பக்கம்

என் அனுபவத்தில் வீணாக எஞ்சினைப் பிரிக்க வைப்பது பிரைமரி கவருக்குள் இருக்கும் கோளாறுகள்தான். உள்ளே இரட்டை வரிச் செயின், கிளட்ச், கிராங்கின் முனையில் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டர் மூன்றும் இருக்கும். ரோட்டரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்தால், ரோட்டரைக் கிராங்கோடு பூட்டும் சின்ன உலோகச் சாவியில் ரோட்டர் ஆடி ‘டொக் டொக்’ என்று ஆழமாகத் தட்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் பிக் எண்டு போய்விட்டது என்றுதான் சொல்வார்.

நண்பர் ஒருவரின் எழுபதுகளின் கடைசி மாடல் வண்டி இப்படித்தான் வந்தது. ஒரு பட்டறையில் கிராங்க், பிஸ்டன், போரிங் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாவியை ஆஃப் செய்ததும் எஞ்சின் அடங்கும்வரை டொக் டொக் தொடர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டால் பிரைமரி கவரின் முன்பகுதியில்தான் சத்தம் அதிகம். கவரைக் கழற்றினோம். ரோட்டர் நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. அடியில் இருந்த லாக் வாஷர் தட்டையாகிப் போயிருந்தது, ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் ஒரு பக்கத்தில் ரோட்டர் உரசிய பளபளப்பான கீறல்கள். நல்லவேளையாக அந்த உலோகச் சாவி உடையவில்லை. புது வாஷர் போட்டு நட்டை இறுக்கி, ஸ்டேட்டரைச் சரியாக நடுவில் அமர்த்தியதோடு வேலை முடிந்தது.

கவரைக் கழற்றுவது கடினமில்லை. இடது ஃபுட் ரெஸ்டையும் பிரேக் பெடலையும் ஒதுக்கிவிட்டால், கவரைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்தான். அடியில் அகலமான தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் கொட்டும். உள்ளே மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ரோட்டர் நட் இறுக்கமாக இருக்கிறதா? ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையில் சுற்றிலும் 0.20 மி.மீ ஃபீலர் கேஜ் தடையில்லாமல் நுழைகிறதா? கிளட்ச் நடு நட் அசையாமல் இருக்கிறதா?

செயினுக்குக் கவரைக் கழற்றவே தேவையில்லை. எண்ணெய் ஊற்றும் மூடி வழியாக விரல் விட்டு மேல் செயினைத் தூக்கிப் பாருங்கள். கை விடும் முன் எஞ்சின் அணைந்து சாவியும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சுமார் 6 மி.மீ ஆட்டம் சரி. எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில்தான் அந்த 6 மி.மீ இருக்க வேண்டும். பழைய செயின் ஓரிடத்தில் இறுகியும் இன்னோரிடத்தில் தொங்கியும் இருந்தால், அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, மாற்றிவிடுங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாங்கும்போது விலை குறைந்த டூப்ளிகேட்டைத் தவிர்ப்பது நல்லது. கொஞ்ச நாளில் மறுபடி தொங்கி, மறுபடி இதே சத்தத்துக்குக் கொண்டுவந்து விடும்.

கியர்பாக்ஸைச் சந்தேகித்தால் நியூட்ரலில் நிறுத்தி கிளட்சைப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் சத்தம் போனால் கியர்பாக்ஸ் பேரிங் அல்லது கிளட்ச் பிளேட்டுகளின் ஆட்டம். பிடித்தால்தான் சத்தம் வருகிறதென்றால் கிளட்சைத் தள்ளும் ராடு பக்கம். எதுவும் மாறாவிட்டால் எஞ்சின் பக்கமே திரும்புங்கள்.

ஏற்றத்தில் மட்டும் வரும் சத்தம்

சமதரையில் ஒன்றுமில்லை, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மேல் கியரில் இழுக்கும்போது மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ‘கிணுகிணு’ என்றால், அது எதுவும் தேய்ந்த சத்தமல்ல. எரிபொருள் நேரம் தவறி எரிகிறது. முதலில் கியரைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அதிலேயே போய்விட்டால் ஓட்டும் முறையை மாற்றினால் போதும். போகாவிட்டால் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டைமிங்கைச் சரிபாருங்கள். அட்வான்ஸ் ஆகாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். அப்புறம் கார்பரேட்டர் மிக்சர் மெலிந்திருக்கிறதா, ஹெட்டில் கரி கனமாகப் படிந்திருக்கிறதா என்று போகலாம். இந்தச் சத்தத்தோடு நீண்ட தூரம் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும், அலட்சியம் வேண்டாம்.

உள்ளேதான் என்று தெரிந்த பிறகு

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, சாவியை ஆஃப் செய்ததும் நிற்கிற சத்தம் என்றால் மூன்று பேர்மீது சந்தேகம்.

பிஸ்டன் தட்டுவது காலையில் ‘டக் டக்’ என்று கேட்கும், சூடானதும் குறையும். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு, பிளக்கை மாட்டாமல் மெதுவாகச் சில முறை கிக் செய்து பரவவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரத்துக்குச் சத்தம் மட்டுப்படும். மட்டுப்பட்டால் போருக்கும் பிஸ்டனுக்கும் இடையில் தேய்மானம். சூடானதும் முழுக்க மறைந்துவிடும் லேசான தட்டல் என்றால் அவசரமில்லை. புகையும் எண்ணெய்க் குறைவும் சேர்ந்து வரும்வரை இப்படி நெடுநாள் ஓடிய வண்டிகள் நிறைய உண்டு.

கனெக்டிங் ராடு பிஸ்டனோடு சேரும் ஸ்மால் எண்டின் சத்தம் கூர்மையாக, இரட்டைத் தட்டாக, பேரலின் மேல்பகுதியில் கேட்கும்.

பிக் எண்டு வேறு ரகம். கனமான, மந்தமான ‘தொம் தொம்’ கிராங்க் கேஸிலிருந்து வரும், எஞ்சின் சூடாகச் சூடாகக் கூடும். ஆக்சிலேட்டர் கொடுத்து இழுக்கும்போதும், கொஞ்சம் விட்டுப் பிடிக்கும்போதும் தெளிவாகக் கேட்கும். உறுதிசெய்ய எண்ணெயை இறக்குங்கள். வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தால், மினுக்கும் துகள் கண்ணுக்குத் தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: பேரிங், கியர், கேம். ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பிஸ்டனின் அலுமினியமாகவோ பிக் எண்டு புஷ்ஷின் பூச்சாகவோ இருக்கலாம். பொன்னிறம் என்றால் புஷ். ஃபில்டரையும் வெட்டிப் பிரித்துப் பாருங்கள். பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் அதன் வழியாகத்தான் போகிறது, அதனால் அதில் சேர்ந்திருப்பது நிறையச் சொல்லும். புது ஃபில்டர் போட்ட பிறகு அந்த அறை காலியாக இருக்கும். டிகம்ப்ரஷனைப் பிடித்துக்கொண்டு நிறைய முறை கிக் அடித்து எண்ணெய் ஏறவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடைசிச் சோதனை பேரலைத் தூக்கிய பிறகுதான். கனெக்டிங் ராடை உச்சியில் நிறுத்தி நேராக மேலும் கீழும் இழுங்கள். துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். காலில் அதிர்வாகவே உணரும் ‘உர்ர்’ என்ற இரைச்சல் மெயின் பேரிங். அதற்கும் கிராங்கைப் பிரித்தாக வேண்டும்.

தொம் தொம் சத்தமோ, திடீரென்று புதிதாக வந்த கடும் சத்தமோ, எண்ணெய் சுற்றாததோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மெக்கானிக் கடை பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போகாதீர்கள். குட்டி யானையில் ஏற்றிப் போகும் வாடகை, உடைந்த கனெக்டிங் ராடு கிராங்க் கேஸைத் துளைத்தால் ஆகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பழைய கிராங்க் கேஸ் ஒன்றைத் தேடிப் பிடிப்பதும் லேசான காரியமல்ல.

மெக்கானிக்கிடம் போனால்

“அண்ணே, பிக் எண்டு போயிருச்சு, பார்த்துக் குடுங்க” என்று சொன்னால் அவர் பிக் எண்டைத்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக, “சூடானதும் சத்தம் கூடுது, சாவியை ஆஃப் பண்ணா உடனே நிக்குது, கிளட்ச் பிடிச்சா மாறல, டேப்பட்டும் ரோட்டர் நட்டும் பார்த்துட்டேன்” என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இது பெரிய உதவி. பிரிக்கும்போது நீங்களும் இருக்க வேண்டும் என்றும், கழற்றிய பாகங்கள் வேண்டும் என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லேத்தில் போரை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அளக்காமல் போரிங் போட ஒப்புக்கொள்ள வேண்டாம்.

போரிங்கோ கிராங்க் வேலையோ முடிந்து வந்தால், முதல் 500 கி.மீ மெதுவாக, ஆனால் ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதன் பிறகு ஹெட் நட்டுகளை ஆறிய எஞ்சினில் மறுபடி இறுக்கி, டேப்பட்டைப் பார்த்து, எண்ணெயை மாற்றுங்கள். இறக்கிய எண்ணெயில் மென்மையான சாம்பல் நிறப் பொடி தெரிந்தால் புதுப் பாகங்கள் பழகிய அடையாளம். விரலில் நெருடும் துகள் இருந்தால் வண்டியை எடுக்காமல், அந்த எண்ணெயை ஒரு பாட்டிலில் பிடித்து வேலை செய்தவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.